குடும்ப நலம்: முகம் நிரப்பும் ஊசி

பாஸ்கா முடிந்ததும் மகளுக்குத் திருமணம். ஓலை வாசிக்கப் பெயரும் கொடுத்தாயிற்று. இந்நிலையில், மணப்பெண் அலங்காரத்திற்கென ஏற்பாடு செய்த அழகு நிலையத்தில், "மூக்கு சற்றே சப்பை, ஓர் ஊசி போட்டால் எடுப்பாகிவிடும்" என்றார்களாம். மகள் ஆசைப்படுகிறாள். "இது பாவமா?" என்று ஒரு தாய் நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பங்குத்தந்தை விடை கூறட்டும். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு: ஊசிக்குள் இருப்பது என்ன? அதை ஏற்றுபவர் யார்?

இவ்வாசை புதிதன்று. பின்னாளில் மார்ல்பரோ கோமகளான அமெரிக்க அழகி கிளாடிஸ் டீக்கன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூக்கை நேராக்குவதற்கென்று பாரஃபின் மெழுகை ஏற்றிக்கொண்டார். மெழுகு நாளடைவில் இடம்பெயர்ந்து கீழிறங்க, புகழ்பெற்ற அம்முகம் உருக்குலைந்தது. 1977-இல் மறையும்வரை அவர் அதைச் சுமந்தார்.

இன்று 'ஃபில்லர்' எனப்படும் ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது ஹையலுரானிக் அமிலம். நம் உடலிலும் உள்ள பொருளே. சில மாதங்களில் மெல்லக் கரையும். தேர்ந்த மருத்துவர் கையில் பெரும்பாலோருக்குச் சில நாள் வீக்கமும் கன்றலுமே மிஞ்சும். (அதற்காகவேனும் திருமண வாரத்தில் இதை நினைக்கலாகாது.)

ஆபத்து, ஊசிமுனை இரத்தக் குழாய்க்குள் புகுந்துவிடும்போதுதான். மூக்கிலும் புருவ நடுவிலும் ஓடும் தமனிகள் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு தொடர்புடையவை. அழுத்தத்தோடு செலுத்தப்படும் பசை இரத்த ஓட்டத்திற்கு எதிராகப் பின்னேறி விழித்திரையின் குழாயை அடைத்தால், கணப்பொழுதில் பார்வை போய்விடும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் கடந்துவிட்டால் மீட்பது மிக அரிது. தோலுக்குச் செல்லும் குழாய் அடைபட்டாலோ, மூக்கின் நுனி கறுத்து அழுகக்கூடும். அரிதாகவே நிகழ்கிறது என்பது மெய். நிகழ்ந்த பெண்ணுக்கு அச்சொல்லால் என்ன ஆறுதல்?

ஹையலுரானிக் அமிலத்தைக் கரைக்க ஹையலுரானிடேஸ் என்னும் மாற்று மருந்து உண்டு. திரவ சிலிக்கோனுக்கு அது பயன்படாது. ஆண்டுகள் கழித்தும் கட்டிகள் கிளம்பலாம். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் செலுத்தும் பேனாக் கருவிகளும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்த வேண்டாமென 2021-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

அந்தத் தாய்க்கு நாம் கூறுவது இது. அம்மா, அழகு நிலையத்தில் ஊசி வேண்டவே வேண்டாம். மகள் விடாப்பிடியாக நின்றால், திருமணத்திற்குப் பின் தகுதிபெற்ற தோல் மருத்துவரிடம் நீங்களே உடன் செல்லுங்கள். மருந்துப் பெட்டியின் பெயரைப் படியுங்கள். கரைக்கும் மருந்து கைவசம் உள்ளதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். ஊசி ஏறும்போது கடும் வலியோ, தோல் வெளிறுவதோ, வலைபோல் நீலம் பாய்வதோ தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கண் மங்குகிறது என்றால் வீடு திரும்பாமல் அந்நிமிடமே கண் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

மற்றொன்றும் மகளிடம் சொல்லுங்கள்: மாப்பிள்ளை வீட்டார் அந்த மூக்கைப் பார்த்துத்தானே சம்மதித்தனர்?