அப்பாயியின் குரலை யார் அழித்தது?

"சும்மா இழுங்க, ஒண்ணும் ஆகாது."

பதுளை டவுனில் பிரிண்ட் எடுக்கப் போகும் இடமெல்லாம் இந்த வசனம் கேட்கும். நானும் அதை நம்பி இழுத்தவன்தான். பசறைப் பக்கத் தோட்டத்துக்கு அவங்க அம்மா வந்த கதையை அப்பாயி ரெண்டு மணித்தியாலம் சொன்னாங்க. போனில் பதிந்து, கடைக் கொம்பியூட்டர் வழியாக பென் ட்ரைவில் ஏற்றி, இடமில்லை என்று போனில் இருந்ததை அழித்தும் விட்டேன். வீட்டில் செருகினால் "போர்மட் செய்யவா?" என்று கேட்டது. அப்பாயி இப்போது இல்லை.

"விதி" என்றார்கள். "சைனா சாமான்" என்றார்கள். ரெண்டும் சாக்கு.

பென் ட்ரைவ் தானாகப் பேசாது. 1996-இல் வந்த யூஎஸ்பி முறையில் முதலில் கேட்பது எப்போதும் கொம்பியூட்டர்தான். "நீ யார்?" என்று கேட்டு, ஓர் இலக்கம் கொடுத்து, அப்புறம்தான் எழுது, வாசி என்று கட்டளை அனுப்பும். எழுதுவதிலும் ரெண்டு வேலை: தரவை வைப்பது, அது எங்கே இருக்கிறது என்று அட்டவணையில் குறிப்பது. வேகத்துக்காகக் கொஞ்சத்தைத் தன் நினைவகத்திலேயே தேக்கியும் வைத்திருக்கலாம். திரையில் முடிந்துவிட்டதாகக் காட்டும், உள்ளே முடிந்திருக்காது. அந்த நேரம் இழுத்தால்? கொழுந்து பறித்தும் செக்ரோலில் பேர் விழாத நாள் மாதிரி. உழைத்தது உண்மை, கணக்கில் இல்லை. 'ஈஜெக்ட்' என்றால் "மிச்சத்தையும் எழுதி முடி" என்று அர்த்தம்.

"விண்டோஸ் 10-இல் அது தேவையில்லையே?" என்பீர்கள். 2018-இல் வந்த பதிப்பிலிருந்து உடனே கழற்றும் முறைதான் இயல்பாக வருகிறது, சரி. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது.

இதைச் சொல்லித்தரப் பத்து நிமிசம் போதும். எங்களுக்குச் சொல்லித்தந்ததோ "புறச்சாதனங்கள் ஐந்தினை எழுதுக". எழுதினேன், ஏ எடுத்தேன். போர்மட் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லி மீட்பு மென்பொருளில் தேடியிருக்கலாம். அது தெரியாமல் 'ஆம்' அழுத்தி, மேலே படங்களையும் ஏற்றினேன். மனப்பாடத்துக்குப் புள்ளி கொடுக்கும் கல்வி, தோட்டத்துப் பிள்ளையைப் பொத்தான் அழுத்தும் கையாக மட்டுமே வளர்க்கிறது.

2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆட்களோடு படங்களும் பத்திரங்களும் புதைந்தன. 2023-இல் மலையகம் 200 என்று மேடை போட்டோம், முதியவர்களைப் பேச வைத்துப் பதிந்தோம். அதெல்லாம் இப்போது எங்கே? யாரோ ஒருவரின் லாச்சியில், ஒரே பென் ட்ரைவில்.

கிளவுட்டில் போடலாமாம். சிக்னலுக்கு மேட்டில் ஏறி நிற்பவனிடம் சொல்லுங்கள்! முதலில் ரெண்டு வீட்டில் ரெண்டு பிரதி வையுங்கள். திறந்து, கேட்டுப் பார்த்த பிறகு மட்டும் போனில் அழியுங்கள்.

மண்ணுக்குள் போனது திரும்பாது. நம் கையால் போனதுக்கு மண்ணைக் குறை சொல்ல முடியாது.