படிப்புக்கு வயசு உண்டு என்பவர்களுக்கு

கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வேலைக்கும் போகிற ஒருத்தி மறுபடி கல்லூரியில் சேர்ந்தால், என்ன படிக்கிறாய் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றுதான் கேட்கிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அலுவலகத்தில் கேட்டார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வளைகாப்பில் கேட்டார்கள். சிதம்பரம் போகிற பஸ்ஸில் என் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒரு அம்மாவும் கேட்டார். ஔவையின் ஆத்திசூடியை எடுத்து நீட்டியவர்களும் உண்டு. இளமையில் படிக்கச் சொன்ன அதே ஆத்திசூடி, படிப்பதை ஒருபோதும் விடாதே என்றும் சொல்லியிருப்பது அவர்களுக்கு நினைவில் இல்லை.

இவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் வயசு என்று இவர்கள் சொல்வது வயசையே அல்ல என்பது என் வாதம்.

அரசு அலுவலகங்களில் நாற்பதைத் தாண்டிய ஆண்கள் துறைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். பதவி உயர்வுக்கு அது வேண்டும். அந்த மாதங்களில் வீட்டில் டி.வி. சத்தம் குறைகிறது, பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிறார்கள், நேரத்துக்கு டீ வருகிறது. அவர்களைப் பார்த்து இந்த வயசில் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. இன்னொரு பக்கம், கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018இல், தம் 96ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். அவர் படத்தைப் பகிர்ந்து மெய்சிலிர்த்தவர்களிலேயே சிலர், முப்பத்தைந்து வயதுக்காரி எம்.ஏ. சேர்ந்தால் முகம் சுளிக்கிறார்கள்.

படிப்புக்கு வயசு தடை என்றால் 96 வயதுதான் பெரிய தடையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கார்த்தியாயினி அம்மா படித்த நேரத்தை யாரும் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. துறைத் தேர்வு எழுதும் அப்பாவின் நேரம் அவருடையதென்று வீடு ஒப்புக்கொண்டுவிட்டது. நடுவில் இருக்கிற அம்மாவின் நேரம் மட்டும் வீட்டுச் சொத்து. அதில் ஒரு மணி நேரத்தை அவள் எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டுக்குக் குறைகிறது. அந்தக் குறையைத்தான் "வயசு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்ததாக வருவது, "பிள்ளைங்க பாவம் இல்லையா?" இதற்குப் பதில் சொல்ல ஒருவரை அழைக்கிறேன்.

1919இல் பிறந்த ஏ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்தபோது மகள் சியாமளாவுக்கு நான்கு மாதம். அந்தக் காலத்து விதவைக்கு என்ன காத்திருந்தது என்பது நம் வீட்டு ஆயாக்களுக்குத் தெரியும். லலிதா மறுபடி படிக்கப் போனார். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்து, 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் சேர்ந்தார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது. பட்டச் சான்றிதழில் "அவன்" என்று அச்சாகியிருந்ததை அடித்து "அவள்" என்று திருத்திக் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் கைக்குழந்தைக்காரியாகக் கல்லூரிக்குத் திரும்பிய ஒரு தாய். பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்சார வேலைகளில் அவர் பங்கு இருந்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார்.

லலிதாவைச் சொன்னவுடன் "பார்த்தியா, மனசு இருந்தா போதும்" என்பார்கள். இதையும் நான் மறுக்கிறேன். ஊக்கம் தருவதுபோல வந்து, எல்லாப் பாரத்தையும் அவள் தலையிலேயே ஏற்றிவிடுகிற பேச்சு இது. லலிதாவின் அப்பா பப்பு சுப்பா ராவ் அதே கிண்டியில் பேராசிரியர். மகளுக்காகக் கல்லூரி முதல்வரிடம் அவர் பேசினார். பின்னர் லலிதா கல்கத்தாவில் வேலை ஏற்றதற்கு, அங்கே உடன்பிறந்தவரின் குடும்பம் இருந்ததும் ஒரு காரணம். குழந்தையைப் பார்க்க ஆள் இருந்தது. மனசு லலிதாவுடையது. கதவைத் திறந்தவர்கள் வேறு சிலர். அப்பாவோ அண்ணியோ அப்படி அமையாத ஆயிரம் பெண்களுக்கும் லலிதாவுக்கு இருந்த மனசு இருந்திருக்கும். அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

எங்கள் பக்கத்தில் கதவு இல்லாமல் இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் வந்தது. 1979இல் அங்கே தொலைநிலைக் கல்வி தொடங்கியது. இந்த மாவட்டத்தில் "கரஸ்ல முடிச்சேன்" என்று சொல்லும் ஆசிரியைகளும் குமாஸ்தாக்களும் அதன் பிள்ளைகள். அந்தப் பட்டத்தை இரண்டாந்தரம் என்று சொல்வதை என்னால் பொறுக்க முடியாது. பகல் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர் அதே பாடத்தை நான்கு பேர் உதவியோடு படித்தார். கரஸ்காரி விடியுமுன் எழுந்து, இட்லி ஊற்றிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே படித்தாள். வகுப்புக்கு வருகிற ஞாயிறுகளில் கடலூரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வருகிறாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற ஃபோன் எப்போது வருமோ என்ற பயத்தோடு. தேர்வு அட்டவணை கடைசி நேரத்தில் வந்தால், விடுப்புக்காக மேலதிகாரி முன்னால் கைகட்டி நிற்பதும் அவள்தான்.

2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் தன் அங்கீகாரம் இருந்ததென்று அறிவித்தது. அப்போது ஊரில் பேச்சு, "கரஸ் டிகிரின்னா இப்படித்தான்" என்று படித்தவர்கள் மேலேயே திரும்பியது. அனுமதி வாங்குவது நிறுவனத்தின் வேலை, சரிபார்ப்பது அரசின் வேலை. நம்பிக் கட்டணம் கட்டியவள் எதற்குத் தலைகுனிய வேண்டும்?

அரசும் இந்த வயசு நம்பிக்கையிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படிக்காதவர்களின் திறந்தவெளிப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் ஆணை வந்தது. தரம் வேண்டும் என்ற கவலை எனக்குப் புரிகிறது. பத்தாவதோடு கட்டிக்கொடுக்கப்பட்டவள் அந்த வரிசையைத் தானாகக் கலைக்கவில்லை என்பதும் அந்த ஆணையை எழுதியவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தை 2022இல் உயர்கல்வித் திட்டமாக மாற்றினார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்துவந்த பணம் படிப்புக்கு, மாதம் 1,000 ரூபாயாகப் போகிறது. நம் மாநிலத்தில் நடந்த மிக நல்ல மாற்றங்களில் அதுவும் ஒன்று என்று மனமார நம்புகிறேன். ஆனால் அது அரசுப் பள்ளியிலிருந்தோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தோ கல்லூரிக்குப் போகிற மாணவிக்கு. தொலைநிலைக் கல்வியில் படிப்பவளுக்குக் கிடையாது. இடையில் கல்யாணம், பிரசவம், வேலை என்று பத்து ஆண்டுகள் போய்த் திரும்பி வருகிறவளும் அதே அரசுப் பள்ளியில் படித்தவள்தான். அவளையும் அந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். கடலூரிலேயே தேர்வு மையம் வேண்டும், அட்டவணை ஒரு மாதம் முன்னால் கைக்கு வர வேண்டும், ஞாயிறு வகுப்பு நடக்கும் கட்டடத்தில் பிள்ளைகளை விட ஓர் அறையும் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் வேண்டும். வீட்டில் இருக்கிற ஆண்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது: அவள் வகுப்புக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை சமையல் உங்களுடையது.