மாணாக்கரும் சூதாட்ட நோயும்

கள்ளுண்டவனை அவன் நடையும் வாடையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் விடுதி அறையின் இருளில் கைப்பேசியில் ரம்மி ஆடிக் கல்லூரிக் கட்டணத்தையே இழந்துவிட்ட மாணாக்கன், மறுநாள் வகுப்பில் எல்லோரையும் போலவே அமர்ந்திருக்கக்கூடும் என்பதுதான் இந்த வியாதியின் விபரீதம். ஆயினும் லக்ஷணங்கள் இல்லாமற் போவதில்லை: தோழரிடம் வெவ்வேறு காரணம் சொல்லிக் கடன் கேட்பதும், உறக்கமிழந்து சிடுசிடுப்பதும், எல்லாவற்றிற்கும் மேலாக, இழந்ததை மீட்டதும் நிறுத்திவிடுவதாகத் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு மேலும் பணம் கட்டுவதும் பிரதானமானவை. அந்தக் கடைசிக் குறியைக் கண்டவர்கள் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2023-இல் மீண்டும் நிறைவேற்றிய இணையச் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் வரவேற்கத்தக்கவையே. எனினும் மனத்துள் வேரூன்றிய வேட்கையைச் சட்டம் ஒன்றே களைந்துவிடாது. இதை ஒழுக்கக்கேடென்று தூற்றுவது எனக்குச் சம்மதமில்லை. உலக சுகாதார ஸ்தாபனமே இதனைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அடித்துத் திருத்தலாம் என்று கருதும் தந்தையும், ரகசியமாய்க் கடனை அடைத்துவிட்டு மகனை ஒன்றும் கேளாத தாயும், அன்பினாலேதான் என்றாலும், நோயையே வளர்க்கிறார்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். சர்வகலாசாலை அதிகாரிகளே, மாணாக்கர் சேரும் நாளிலேயே இவ்வெண்ணை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். உதவி நாடி வருபவன் தண்டனைக்கு அஞ்சாமல் பேச இடம் கொடுங்கள்.