மாமா கடையும் மத்திய சட்டமும்

கோடை விடுமுறை வந்தால் ஊரிலிருந்து சிறுவர்கள் மும்பைக்கு வருவது வழக்கம். மாமா வீடு, சித்தப்பா வீடு என்று தங்குவார்கள். கடையிலும் மெஸ்ஸிலும் கூடமாட ஒத்தாசை செய்வார்கள். இதில் தவறில்லை. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எல்லோரும் ஊர் திரும்புகிறார்களா? சிலர் திரும்புவதில்லை. விடுமுறைக்கு வந்த பையன் கடைப் பையனாகி விடுகிறான். கேட்டால், "சொந்தக்காரப் பையன்தானே, சட்டம் தடுக்காது" என்கிறார்கள். இது பாதி உண்மைதான்.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986ல் வந்தபோது, ஆபத்தானவை என்று குறிக்கப்பட்ட வேலைகளில் மட்டுமே 14 வயது நிரம்பாதோரைத் தடுத்தது. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்று 1996ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2006 அக்டோபரில் வீட்டு வேலையும், ஓட்டல், டீக்கடை வேலையும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2016ல் சட்டம் திருத்தப்பட்டு, 14 வயது நிரம்பாத குழந்தையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றாயிற்று.

இவ்வளவு தூரம் வந்த சட்டம், ஒரு கதவைத் திறந்தே வைத்துவிட்டது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்கிறது. தாய், தந்தை, உடன்பிறந்தோர் மட்டுமல்ல. தாய் தந்தையரின் உடன்பிறந்தோரும் குடும்பமே என்கிறது. மாமாவும் சித்தப்பாவும் இப்படித்தான் உள்ளே வந்தார்கள்.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோதான் உதவலாம். படிப்பு கெடக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். விடியுமுன் எழுந்து பாத்திரம் துலக்கி, இரவு கடை சாத்தும் வரை நிற்கும் பையன் விஷயத்தில், முதலாளி சொந்த மாமாவே ஆனாலும் அது குற்றம்தான். தூரத்துச் சொந்தக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் இந்தச் சலுகையே கிடையாது. சட்டத்தை மீறி வேலைக்கு வைப்போருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

கல்லாவில் நிற்கும் பையன் மருமகனா, கூலியாளா என்று லேபர் இன்ஸ்பெக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? உறவு வட்டத்தை இத்தனை விரித்தது தவறு என்பது நம் கருத்து. பெற்றோரின் தொழில் என்ற அளவோடு நாடாளுமன்றம் இதைச் சுருக்க வேண்டும்.

"ஊரில் சும்மா சுற்றுவதைவிடத் தொழில் பழகட்டுமே" என்பவர்கள் உண்டு. வறுமையில் பேசும் பேச்சு, கேலி செய்வதற்கில்லை. ஆனால் இந்நகரில் குமாஸ்தாவாக இருக்கும் தமிழரைக் கேட்டுப் பாருங்கள். அவரை நாற்காலியில் உட்கார வைத்தது பள்ளிச் சர்டிபிகேட்தான்.

பையன் இங்கேயே இருக்க நேர்ந்தால், அதற்கும் வழி இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பெறுவது அவன் உரிமை. பிறப்புச் சான்று இல்லை என்றோ, ஊர்ப் பள்ளியிலிருந்து டி.சி. வரவில்லை என்றோ அரசுப் பள்ளி அவனைத் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பிழைப்புத் தேடி வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இடம் தருவது உள்ளாட்சியின் கடமை என்றே சட்டம் சொல்கிறது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளும் நடத்துகிறது.

நம் ஊர்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சம் இதற்கும் காட்ட வேண்டும். ஜூன் மாதத்தில் உறுப்பினர்களின் கடைகளுக்குச் சென்று, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று கேட்கட்டும். கேட்டும் பயனில்லை என்றால் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். மாமாவுக்குக் கோபம் வரும், வரட்டும். பையனுக்குப் படிப்பு வருமே!