வக்காலத்தும் ஓர் அமானிதமே

நம் குடும்பங்களில் பலரும் வாழ்நாளில் ஒரு முறையேனும் வக்காலத்துப் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பர். பாகப்பிரிவினை, காசோலை வழக்கு, வாடகைத் தகராறு, ஜீவனாம்சம் என ஏதேனும் ஒன்று நம்மை நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்கிறது. கையெழுத்திட்டதும் ஆவணங்கள் அனைத்தையும் வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறோம். பின்னர் ஒருநாள், அவர் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது என்றோ, மேல்முறையீட்டுக்கான காலக்கெடு கடந்துவிட்டது என்றோ தெரிய வருகிறது. விதவைத் தாயின் பங்கும் அநாதைப் பிள்ளைகளின் வீடும் இவ்வாறு கைநழுவும்போது, "நம் நஸீபு அவ்வளவுதான்" என்று சொல்லி அமைதியாகிவிடுகிறோம்.

இதனைப் பொறுமை என்று கொள்வதற்கில்லை. வக்கீல், வக்காலத்து ஆகிய இரு சொற்களும் அரபியிலிருந்து வந்தவை. ஃபிக்ஹு நூல்களில் 'வகாலா' என்று தனிப் பாடமே உண்டு. பிறர் காரியத்தை அவர் சார்பில் ஏற்றுக்கொண்டவர் அமானிதம் பெற்றவர். முறையாக முயன்றும் நஷ்டம் நேர்ந்தால் அவர் மீது குற்றமில்லை. வரம்பு மீறினாலோ அலட்சியம் காட்டினாலோ அவர் ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது.

நாட்டின் சட்டமும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. தொழில் கடமையில் காட்டும் கவனக்குறைவால் விளையும் இழப்புக்காக வழக்குத் தொடரப்படுவதிலிருந்து, வழக்கறிஞர் என்ற ஒரே காரணத்தால் எவருக்கும் விலக்கில்லை என்று 1926ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் கட்டணச் சட்டம் கூறுகிறது. ஆயினும் 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பின், வழக்கறிஞர் மீது இனி எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது என்ற எண்ணம் பலரிடம் பரவியுள்ளது. அது பிழையான புரிதல். வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007இல் கூறியதைத்தான் அத்தீர்ப்பு மாற்றியது. மூடப்பட்டது நுகர்வோர் ஆணையத்தின் கதவு மட்டுமே. உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரும் வழி திறந்தே இருக்கிறது.

அவ்வழி எளிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வழக்கில் தோற்றது மட்டும் வழக்கறிஞரின் குற்றமாகாது. அவர் கவனக்குறைவாக நடந்தார் என்பதோடு, அவர் முறையாக நடந்திருந்தால் நமக்குச் சாதகமான முடிவு கிடைத்திருக்கும் என்பதையும் நாமே நிறுவ வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அதற்காக அணுகலாம்.

மற்றொரு வழி, வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 35ஆம் பிரிவின் கீழ் மாநில பார் கவுன்சிலிடம் முறையிடுவது. நம் பணத்தைப் பெற்றுக்கொண்டு தராமல் வைத்திருப்பது, எதிர்த்தரப்புடன் கைகோப்பது போன்ற தொழில் நெறி மீறல்களுக்கு இது பொருந்தும். கண்டனம், குறிப்பிட்ட காலத் தடை, பெயர் நீக்கம் ஆகியவை அங்கு விதிக்கத்தக்க தண்டனைகள். இழந்த சொத்துக்கு ஈடு கேட்க உரிமையியல் நீதிமன்றத்திற்கே செல்ல வேண்டும். கட்டணம் பாக்கியிருக்கிறது என்று காரணம் காட்டி ஆவணங்களைத் திருப்பித் தர மறுக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் நோய் வந்த பின் தேடும் மருந்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனத்தைப் பலமுறை ஓதுகின்ற நாம், வழக்கறிஞரிடம் கொடுத்த பணத்திற்கு ஒரு ரசீது கேட்கக் கூச்சப்படுகிறோம். தெரிந்தவர், ஊர்க்காரர், ஜமாஅத்தில் மரியாதைக்குரியவர் என்பவை ரசீது கேட்காமலிருக்கக் காரணங்கள் ஆகா. மூல ஆவணங்களின் நகல்களை வீட்டில் வைத்திருப்போம். வழக்கின் பதினாறு இலக்கச் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டுப் பெறுவோம். அதனைக் கொண்டு நீதிமன்ற இணையதளத்தில் அடுத்த வாய்தாவை நம் பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவர். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்தில் செய்ய 90 நாள் என்ற பொதுவான காலக்கெடுவையும் அறிந்து வைப்போம்.

நேர்மையாக உழைக்கும் வழக்கறிஞர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆதாரமின்றி அவர்களைத் தூற்றுவது நம் நாவில் உள்ள அமானிதத்தைப் பாழாக்குவதாகும். ஆதாரம் இருக்கையில் அநாதையின் உரிமைக்காகக் கேள்வி கேட்காமல் இருப்பதும் அத்தகையதே. முயற்சி முழுவதையும் செய்து முடித்தபின் அல்லாஹ்வின் நாட்டத்தைப் பொருந்திக்கொள்வோம்.