பூட்டி வைத்துக் கொல்கிறார்கள்

பழைய சிந்தசைசரை விலை ஏறும் என்று வாங்கி, உறை போட்டு, அலமாரி மேல் ஏற்றிவிடும் ஆசாமிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். கேட்டால் "முதலீடு" என்பார்கள். சுத்தப் பேத்தல்!

ஜப்பானின் கோர்க் பாலிசிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981-ல் வந்தது. ஒரே நேரத்தில் 6 சுரங்கள் ஒலிக்கும், 32 ஒலிகளைச் சேமிக்கலாம். அந்தச் சேமிப்பு அழியாமலிருக்க உள்ளே ஒரு சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி. வில்லனே அதுதான். வயதானால் கசியும், கசிகிற காரம் சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்களை அரித்துத் தின்னும். சேமித்த ஒலிகள் குழம்பும், சில கட்டைகள் ஊமையாகும். (உறைமேல் மட்டும் தூசி இருக்காது!)

தினமும் வாசிக்கிறவன் கோளாறை உடனே கண்டுபிடிப்பான். பூட்டி வைத்தவர் பத்து வருஷம் கழித்து விற்கும்போதுதான் தெரிந்துகொள்வார், அதுவும் வாங்க வந்தவர் சொல்லி.

"அசல் பாகத்தை மாற்றினால் மதிப்புக் குறையுமே" என்று ஒரு சாக்கு வேறு. அந்த அசல் பேட்டரிதானய்யா போர்டையே தின்கிறது! அதைக் கழற்றி, கசிவை வினிகர் தொட்டுத் துடைத்து, லித்தியம் செல் வைக்கலாம். அதற்கு சார்ஜ் ஏறக் கூடாது, நடுவில் ஒரு டயோடு அவசியம். இதற்கும் மனசில்லாதவர்கள் பேசாமல் வாசிக்கத் தெரிந்த யாரிடமாவது விற்றுவிடட்டும்.