தறிக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் மதிய நேரத்தில் நடந்திருக்கிறீர்களா? வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். திறந்திருக்கும் கதவு வழியே எட்டிப் பார்த்தால், தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். அதற்குப் பெயர் ஜக்கார்டு.

அப்படி ஒரு வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அப்பா நெசவாளர். சின்ன வயதில் அந்த அட்டைகளை எண்ணுவதுதான் எனக்கு விளையாட்டு. "ஓட்டை இருந்தா நூல் மேலே ஏறும், இல்லைன்னா ஏறாது. அவ்வளவுதான்டா" என்பார் அப்பா. யானையும் மயிலும் முந்தியில் வந்து நிற்பது அந்த 'உண்டு, இல்லை' கணக்கில்தான்.

ஆறாம் வகுப்பில் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை திறந்தார்கள். கோயிலுக்குள் போவது போல செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போவோம். ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். மவுஸ் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். அப்போது பிடித்த பைத்தியம். கிடைக்கிற காசெல்லாம் பிரவுசிங் சென்டருக்குப் போனது. "தறியில உட்காரப் பிடிக்கல, பெட்டி முன்னாடி மட்டும் உட்காரத் தெரியுது" என்று வீட்டில் திட்டு விழும்.

அந்தப் பெட்டிக்கும் இந்தத் தறிக்கும் உறவு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. பிரான்ஸின் லியோன் நகரம் நம் காஞ்சி மாதிரி பட்டு ஊர். அங்கே ஜோசப் மேரி ஜக்கார்டு, 1804-ல் இந்த அட்டை முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த தலைமுறையில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு அதே அட்டை யோசனையை எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே ஓட்டை போட்ட அட்டைகளால் எண்ணினார்கள். இன்றைய கம்ப்யூட்டரின் 'ஒன்று, பூஜ்யம்' மொழி, அப்பா சொன்ன 'உண்டு, இல்லை' கணக்குத்தான்!

இந்த ஆசை என்னை எழுத வைத்தது ஒரு கசப்பான நாளில். "உங்க ஏ.டி.எம். கார்டு முடங்கிப்போச்சு, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று ஒருவன் பேச, அப்பா சொல்லிவிட்டார். ஒரு சேலைக்கான கூலி மொத்தமும் போனது. 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற எச்சரிக்கை அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருந்தது. ஆனால், ஆங்கிலத்தில். அப்பா என்னைத் திட்டவில்லை. "இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்று மட்டும் கேட்டார். அன்று இரவுதான் என் முதல் பதிவை எழுதினேன். ஓ.டி.பி. என்றால் என்ன, ஏன் சொல்லக் கூடாது என்று, அப்பாவுக்குப் புரிகிற தமிழில். (இன்று இப்படி ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்காதீர்கள்.)

தமிழில் தொழில்நுட்பம் எழுத வந்தவர்களுக்குப் பாதை போட்டவர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே, ஜூனியர் விகடன் வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்குச் சளைக்காமல் பதில் எழுதியவர். பிறகு வலைப்பூக்காலம். ஒருவர் தட்டச்சு செய்த தமிழ் இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்த தொல்லையை யூனிகோடு தீர்த்தது. 2004-ல் வந்த 'தமிழ்மணம்' திரட்டி, சிதறிக் கிடந்த பதிவர்களை ஒரே இடத்தில் காட்டியது.

எங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவைச் சேர்ந்த த. சீனிவாசன், நண்பர்களுடன் 2012-ல் 'கணியம்' என்ற இணைய இதழைத் தொடங்கினார். கட்டற்ற மென்பொருள்கள் பற்றி முழுக்கத் தமிழில் பேசும் இதழ் அது. து. நித்யா அதில் எழுதியவை 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மின்னூல்களாக இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலத்துக்குப் பயந்து கம்ப்யூட்டர் பாடத்தை விட்டு ஓட நினைக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கைப்பிடி!

காஞ்சிப் பட்டில் 'கோர்வை' என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே பிணைத்து நெய்வார்கள். அதற்குத் தறியில் இன்னொரு கை வேண்டும், ஒருவரால் ஆகாது. தொழில்நுட்பமும் தமிழும் அப்படித்தான். தெரிந்தவர் ஒரு பக்கம், தெரியாதவர் மறு பக்கம். நடுவில் நாடா வீச ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் வீட்டிலும் எந்நேரமும் கம்ப்யூட்டரே கதி என்று ஒரு பிள்ளை இருக்கிறதா? பிடுங்கி வைக்கும் முன் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். "இன்னிக்குக் கத்துக்கிட்டதை, பாட்டிக்குப் புரியிற மாதிரி ஒரு பக்கம் எழுது." பாட்டிக்குப் புரிந்துவிட்டால், பிள்ளைக்கு நிஜமாகவே புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பா இப்போது எந்த நம்பரையும் யாருக்கும் சொல்வதில்லை. பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் அவர்தான் பாடம் எடுக்கிறார்.